ஏலக்காய் சீசனில் ஆட்டோவாக்கத்தை ஏன் அணைக்கக் கூடாது

ஆவணி பிறந்து மலையில் காய் எடுப்பு சூடு பிடித்ததும் கம்பம், போடி, குமுளி வட்டாரத்து ஏலக்காய் வியாபாரிகளிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வரத் தொடங்கும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய கணக்கு மென்பொருள், மாலையில் ஜீப்புகள் பச்சைக் காயை ஸ்டோரில் இறக்கி எடை போடும் நேரத்தில் திணறுகிறது. யாராவது ஒருவர் சர்வரை எட்டிப் பார்க்கிறார். ‘ஆட்டோவாக்கம்’ என்ற பெயரில் ஏதோ ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுதான் ஆளைத் தின்கிறது என்று முடிவு கட்டி அதை அணைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு வேகம் கூடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. கார்த்திகை வருவதற்குள் அதே மென்பொருள் காலையிலேயே திணற ஆரம்பிக்கிறது. அப்போது புது சர்வர் வாங்கலாமா என்று விசாரிக்கிறார்கள்.

இந்தக் கதை ஆண்டுதோறும் வெவ்வேறு கடைகளில் நடப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. வீட்டைப் பெருக்க வந்தவரை, தூசி கிளப்புகிறார் என்று வெளியே அனுப்பிவிட்டு, குப்பை சேர்ந்துவிட்டது என்று வீடு மாற்ற யோசிப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆட்டோவாக்கம் என்பது தரவுத்தளம் தன் குப்பையைத் தானே துடைக்கும் வேலை; அது என்ன செய்கிறது, எப்போது வருகிறது, எதனால் தடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் புது சர்வருக்கான செலவு பெரும்பாலும் மிச்சமாகும். நம் பக்கத்துச் சிறு நிறுவனங்களின் மென்பொருள்களுக்கு அடியில் உரிமக் கட்டணம் இல்லாத போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருப்பது சகஜம் என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

ஒரு லாட்டை எடுத்துக்கொள்வோம். வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 250 கிலோ பச்சைக் காய் வருகிறது. எடை போட்டதும் லாட் அட்டவணையில் ஒரு வரி பதிவாகிறது. டிரையரில் ஓர் இரவு காய்ந்து வெளியே வரும்போது எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கியிருக்கும், அதைப் பதிகிறார்கள். சல்லடையில் போட்டு 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று தரம் பிரித்ததும் மறுபடி ஒரு திருத்தம். புற்றடிக்கோ போடிக்கோ ஏலத்துக்கு அனுப்பும்போது ஒரு திருத்தம், விலை விழுந்ததும் ஒன்று, பணம் வந்ததும் ஒன்று, தோட்டக்காரருக்குக் கணக்கு முடித்ததும் ஒன்று. மென்பொருளின் திரையில் பார்ப்பவருக்கு அது எப்போதும் ஒரே வரிதான். வட்டில் அப்படி இல்லை.

போஸ்ட்கிரெஸ் எந்த வரியையும் இருந்த இடத்தில் அழித்து எழுதுவதில்லை. ஒவ்வொரு வரியோடும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எண்களைச் சேர்த்து வைக்கிறது. ஒன்று, அந்த வரியை உருவாக்கிய பரிவர்த்தனையின் (தொடங்கி முடியும் ஒரு முழுப் பதிவு வேலையின்) எண். அதன் பெயர் எக்ஸ்மின். மற்றது, அதைச் செல்லாமல் ஆக்கிய பரிவர்த்தனையின் எண், அது எக்ஸ்மேக்ஸ். நம் லாட்டை முதலில் பதிந்த பரிவர்த்தனையின் எண் 90115 என்று வையுங்கள். அப்போது எக்ஸ்மின் 90115, எக்ஸ்மேக்ஸ் பூஜ்யம். மறுநாள் காலையில் 90388ஆம் பரிவர்த்தனை உலர் எடையைத் திருத்துகிறது. பழைய வரி அப்படியே நிற்க, அதன் எக்ஸ்மேக்ஸ் மட்டும் 90388 ஆகிறது. எக்ஸ்மின் 90388 என்ற எண்ணோடு புது வரி ஒன்று வேறு இடத்தில் முழுசாக எழுதப்படுகிறது. இப்படி ஆறு திருத்தம் கண்ட லாட் ஒன்றுக்கு வட்டில் ஒரு வரி உயிரோடும் ஆறு வரிகள் செத்தும் கிடக்கும். வரியை நீக்கினாலும் இதே கதைதான்: எக்ஸ்மேக்ஸ் எழுதப்படுகிறது, வரி அங்கேயே கிடக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வலுவான காரணம் உண்டு. முதலாளி மாலையில் இருப்புக் கணக்கைத் திறந்து பார்க்கிறார். அது ஓடி முடிவதற்குள் எடை போடுபவர் பத்து வரிகளைத் திருத்திவிடுகிறார். முதலாளியின் கணக்கு தொடங்கிய நொடியில் இருந்த நிலைதான் அவருக்குத் தெரிய வேண்டும். பாதி பழசும் பாதி புதுசுமாக வந்தால் மொத்தம் இடிக்கும். பழைய வரிகள் இருக்கிற இடத்திலேயே இருப்பதால் அவருக்குப் பழைய நிலையையும் அடுத்தவருக்குப் புதிய நிலையையும் ஒரே நேரத்தில் காட்ட முடிகிறது. படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை. இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் செத்த வரிகள்.

தொடக்கத்தில் இவற்றைக் குப்பை என்று யாரும் நினைக்கவே இல்லை. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் போஸ்ட்கிரெஸ் தொடங்கியபோது, பழைய வரிகளை வரலாறாகப் பாதுகாப்பதே நோக்கமாக இருந்தது. போன மாதம் இந்தக் கணக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் தரவுத்தளமே பதில் சொல்ல வேண்டும் என்று விரும்பினார்கள். பழைய வரிகளைக் காப்பகத்துக்கு நகர்த்துவதற்காக வடிவமைக்கப்பட்டதே வாக்கம். நடைமுறையில் அந்த வரலாற்று வசதி வேகத்தையும் இடத்தையும் தின்றதால் 1997இல் வந்த 6.2 பதிப்பில் கைவிடப்பட்டது. அழிக்காமல் எழுதும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட, சுத்தம் செய்வது வாக்கத்தின் முழுநேர வேலையாயிற்று. 2002இல் வந்த 7.2 பதிப்பு வரை வாக்கம் ஓடும்போது அட்டவணை முழுவதும் பூட்டிக் கிடக்கும்; கடையைச் சாத்திவிட்டுத்தான் ஓட்ட முடியும். தானே ஓடும் ஏற்பாடான ஆட்டோவாக்கம் 2005இல் 8.1 பதிப்போடு சர்வருக்குள் வந்தது. நிறுவியதும் தானாக இயங்கும் நிலைக்கு அது வந்தது 2008இல், 8.3 பதிப்பில். வாக்கம் கடையை முடக்கும் என்ற பயம் இன்னும் சிலரிடம் இருப்பதற்கு அந்தப் பழைய பூட்டு நாட்களே காரணம் என்று நினைக்கிறேன்.

மற்ற தரவுத்தளங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. இருக்கும் இடம்தான் வேறு. ஆரக்கிள் பழைய நிலையை ‘அண்டூ’ என்ற தனிப் பகுதியில் வைக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியும் அவ்வாறே தனியே வைத்து, ‘பர்ஜ்’ இழைகளால் பின்னணியில் துடைக்கிறது. அழுக்கு அட்டவணைக்குள் சேர்வதில்லை என்பது அவற்றின் அனுகூலம். தரவைக் கேட்டு நீண்ட நேரம் ஓடும் ஒரே ஒரு கேள்வி மொத்தச் சுத்தத்தையும் நிறுத்தி வைக்கும் ஆபத்து இன்னோடிபியிலும் உண்டு.

செத்த வரிகளால் என்ன கெடுதல்? போஸ்ட்கிரெஸ் தரவை 8 கிலோபைட் பக்கங்களாக வைக்கிறது. படிப்பதும் எழுதுவதும் பக்கம் பக்கமாகத்தான். ஒரு பக்கத்தில் ஐம்பது லாட் வரிகள் இருக்கக்கூடிய இடத்தில் ஏழு மட்டும் உயிரோடு இருந்தால், அந்த ஏழைப் படிக்க முழுப் பக்கத்தையும் நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு ஜிபி அட்டவணை பன்னிரண்டு ஜிபியாகப் பெருத்திருக்கும். வரிகளின் எண்ணிக்கை கூடியிருக்காது. எட்டு ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் இரண்டு ஜிபி முழுவதும் நினைவகத்திலேயே நின்று பதில் சொல்லும். பன்னிரண்டு ஜிபி நிற்காது. ஒவ்வொரு கேள்விக்கும் வட்டைத் தட்ட வேண்டிவரும். கார்த்திகை மாதத்துத் திணறலின் ஆணிவேர் இதுதான்.

வாக்கம் உள்ளே வந்ததும் முதலில் அட்டவணையைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிறது. எல்லா வரிகளும் எல்லோருக்கும் தெரியக்கூடியவை என்று முன்பே குறித்துவைத்த பக்கங்களைத் தாண்டிவிடுகிறது. இதற்கு ‘விசிபிலிட்டி மேப்’ என்ற சின்னக் குறிப்பேடு உதவுகிறது. மற்ற பக்கங்களில் செத்த வரிகளின் முகவரிகளைச் சேகரிக்கிறது. பிறகு அட்டவணைக்கு எத்தனை இன்டெக்ஸ் (வரியைச் சட்டென்று தேட உதவும் பட்டியல்) இருக்கிறதோ அத்தனையையும் தொடக்கம் முதல் கடைசி வரை நடந்து, அந்த முகவரிகளைச் சுட்டும் பதிவுகளை நீக்குகிறது. அதற்கும் பின்புதான் அட்டவணைக்குத் திரும்பி வந்து இடத்தைக் காலி செய்கிறது. இந்த வரிசை மாறக் கூடாது. இன்டெக்ஸில் பழைய முகவரி இருக்கும்போதே இடத்தை வேறு லாட்டுக்குக் கொடுத்துவிட்டால், ஒருவர் லாட்டைத் தேட இன்னொருவர் லாட் வந்து நிற்கும்.

முகவரிகளைச் சேகரிக்கும் நினைவகம் வழக்கமாக 64 எம்பி. 17ஆம் பதிப்புக்கு முன்பு ஒரு முகவரிக்கு 6 பைட் பிடித்தது. ஆகவே சுமார் 1.1 கோடி செத்த வரிகளோடு நினைவகம் நிறைந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் இன்டெக்ஸ்களைச் சுற்றும் வேலை முதலிலிருந்து இன்னொரு முறை. நாள்தோறும் சுத்தம் செய்தால் ஒரே சுற்றில் முடிவது, மாதக்கணக்கில் விட்டால் மூன்று நான்கு சுற்றாகிறது. 2024இல் வந்த 17ஆம் பதிப்பு இந்த முகவரிகளைச் சுருக்கி வைக்கும் புதிய முறைக்கு மாறியது. பெரிய அட்டவணை வைத்திருப்பவர்கள் பதிப்பை மாற்ற இதுவே போதுமான காரணம்.

ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது. வாக்கம் முடிந்ததும் வட்டில் இடம் கூடியிருக்காது. காலியான இடம் அதே அட்டவணையின் அடுத்த வரிகளுக்காக ஒதுக்கி வைக்கப்படுகிறது. கோப்பின் கடைசியில் முழுசாகக் காலியான பக்கங்கள் இருந்தால் மட்டும் வெட்டித் திருப்பித் தரும். ‘வாக்கம் ஓடியும் அட்டவணை அதே அளவில்தான் இருக்கிறது, இது உபயோகமில்லாதது’ என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். இனிமேல் பெருத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பெருத்துப்போனதை இளைக்க வைப்பதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்போது வருகிறது என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கிறது. லாஞ்சர் என்ற நிரந்தரச் செயல்பாடு நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, பார்க்க வேண்டிய தரவுத்தளத்துக்குப் பணியாள் ஒன்றை அனுப்புகிறது. வழக்கமாக மொத்தம் மூன்று பணியாட்கள். ஓர் அட்டவணையில் செத்த வரிகள் 50ஐயும், அதோடு மொத்த வரிகளில் 20 சதவீதத்தையும் தாண்டினால் சுத்தம் தொடங்கும். 40,000 வரிகள் உள்ள லாட் அட்டவணைக்கு அந்த எல்லை 8,050. சீசனில் அது வாரத்துக்குப் பல முறை தாண்டும், நல்லதுதான். பல ஆண்டு எடைப் பதிவுகள் சேர்ந்து 2 கோடி வரிகள் ஆகிவிட்ட அட்டவணைக்கு எல்லை 40,00,050. நாற்பது லட்சம் செத்த வரிகள் சேரும் வரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்க்கும் நாளில் வேலை மலைபோல் இருக்கும். அதுவும் பெரும்பாலும் சீசன் உச்சத்தில் மாலை நேரத்தில்தான் அமையும். செத்த வரிகள் உருவாவதே அப்போதுதானே.

ஆகவே பெரிய அட்டவணைகளுக்கு அந்த 20 சதவீதத்தை, அட்டவணை அளவிலேயே, 1 சதவீதமாகக் குறைப்பதுதான் சரியான மருந்து. ஸ்கேல் ஃபேக்டர் என்ற அந்த அமைப்பை 0.01 என்று வைத்தால் 2 கோடி வரிகளுக்கு எல்லை 2,00,050 ஆகிறது. வாக்கம் இருபது மடங்கு அடிக்கடி வரும். ஒவ்வொரு முறையும் சிறிது நேரத்தில் முடித்துவிட்டுப் போகும். 2025இல் வந்த 18ஆம் பதிப்பு, எவ்வளவு பெரிய அட்டவணையானாலும் 10 கோடி செத்த வரிகளுக்கு மேல் காத்திருக்காது என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் அளவுக்கு அந்த வரம்பு பயன்படாது. கையால் குறைப்பதே வழி.

வேகத்துக்கும் கடிவாளம் உண்டு. ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் 1 புள்ளி, வட்டிலிருந்து எடுத்தால் 2, பக்கத்தை மாற்றினால் 20. மொத்தம் 200 புள்ளி ஆனதும் பணியாள் 2 மில்லிவினாடி தூங்கும். 2019இல் 12ஆம் பதிப்பு வருவதற்கு முன்பு அந்தத் தூக்கம் 20 மில்லிவினாடி. அதாவது பழைய பதிப்புகளில் பக்கங்களை மாற்றும் வேகம் நொடிக்கு 4 எம்பியைத் தாண்டாது. இன்றைய எஸ்எஸ்டி வட்டுக்கு அது எறும்பு ஊர்வது போன்றது. இன்னும் 9.6, 10 என்று ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகளில் வாக்கம் ‘எப்போது பார்த்தாலும் ஓடுகிறது’ என்று தோன்றுவது இதனால்தான். கால் கட்டப்பட்ட நிலையில் ஓடுகிறது. பணியாட்களை மூன்றிலிருந்து ஆறாக்கினால் தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 200 புள்ளி என்பது எல்லோருக்கும் பொதுப் பங்கு. ஆள் கூடினால் ஒவ்வொருவருக்கும் பாதிப் பங்கு, மொத்த வேலை அதே அளவு. புள்ளி வரம்பை உயர்த்த வேண்டும். ஆள் எண்ணிக்கை அடுத்தபடி.

இனி, தமிழக-கேரள எல்லையோரத்துக்கே உரிய ஒரு சங்கதி. எல்லாம் சரியாக அமைத்தும் செத்த வரிகள் குறையாத இடங்களைப் பார்த்திருக்கிறேன். வாக்கம் வருகிறது, பக்கங்களைப் பார்க்கிறது, ஒன்றையும் நீக்காமல் போகிறது. பதிவேட்டில் ‘செத்திருக்கின்றன, ஆனால் இன்னும் நீக்க முடியாது’ என்ற பொருளில் ஒரு எண் வந்துகொண்டே இருக்கும். யாரோ ஒருவருடைய பரிவர்த்தனை திறந்தபடி இருக்கிறது என்பதே அதன் அர்த்தம். அவருக்குப் பழைய நிலை தேவைப்படலாம் என்பதால் அவர் தொடங்கிய பிறகு செத்த எதையும் வாக்கம் தொடாது. அவர் லாட் அட்டவணையைப் பார்க்கவே இல்லை என்றாலும் சரிதான். அந்தத் தரவுத்தளத்தின் அத்தனை அட்டவணைகளுக்கும் இந்தத் தடை பொருந்தும்.

நம் பகுதியில் இது எப்படி நடக்கிறது? சர்வர் கம்பத்தில் இருக்கிறது. எடைத் திரை மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து ஸ்டோரில் இருக்கிறது. நடுவில் கைப்பேசி இணைப்பு. மழைக் காலத்தில் கம்பம்மெட்டுப் பக்கமோ போடிமெட்டுப் பக்கமோ மண் சரிந்து கேபிள் அறுந்தாலும், ஸ்டோரில் மின்சாரம் போனாலும் இணைப்பு சொல்லாமல் செத்துவிடும். எடைத் திரையை எழுதியவர், திரை திறந்ததும் பரிவர்த்தனையைத் தொடங்கி, சேமி பொத்தானை அழுத்தும்போது முடிக்கும்படி எழுதியிருப்பார். சர்வர் பக்கத்தில் அந்தப் பரிவர்த்தனை பாதியில் நிற்கிறது. மறுமுனை போய்விட்டது என்பது சர்வருக்குத் தெரியாது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் இருந்த பிறகுதான் மறுமுனையைத் தட்டிப் பார்க்கும். இணைப்பு அறுபடவே இல்லை, எடை போடுபவர் திரையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் மறுநாள் காலை வரை. அந்தப் பரிவர்த்தனை தொடங்கிய பிறகு செத்த ஒரு வரிகூட அந்த இரவு முழுவதும் எந்த அட்டவணையிலும் நீங்காது.

போஸ்ட்கிரெஸ் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’. 9.6ஆம் பதிப்பிலிருந்து இதற்குக் காலக்கெடு வைக்கலாம். வழக்கமாக அது அணைந்தே இருக்கும், நாம்தான் இட வேண்டும். எடைத் திரைக்கு ஐந்து நிமிடம் தாராளம். மறுமுனையைத் தட்டிப் பார்க்கும் நேரத்தையும் இரண்டு மணியிலிருந்து ஒரு நிமிடத்துக்குக் குறைக்கலாம். இந்த இரண்டும் போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள். வேரிலேயே சரி செய்ய வேண்டுமானால், எடை போடுபவர் எண்ணைத் தட்டி முடித்து சேமி பொத்தானை அழுத்திய பிறகே பரிவர்த்தனை தொடங்கும்படி திரையை எழுதச் சொல்லுங்கள். மனிதர் யோசிக்கும் நேரம் பரிவர்த்தனைக்குள் இருக்கவே கூடாது. மலைப் பாதைக்கு அப்பால் திரையை வைத்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மற்ற அமைப்புகளெல்லாம் இதற்குப் பிறகு.

வேறு தடைகளும் உண்டு. காலாவதியான ரெப்ளிகேஷன் ஸ்லாட் (இன்னொரு சர்வருக்குப் பிரதி அனுப்புவதற்கான ஏற்பாடு) ஒன்று மறந்துபோய்க் கிடந்தால் அதுவும் இதே போல் பிடித்து வைக்கலாம். இரவு வேலை என்று தினமும் அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளை ஓடினால், ஆட்டோவாக்கம் மரியாதையாக விலகிக்கொள்ளும்: பூட்டுக்காக யாராவது காத்திருப்பதைக் கண்டதும் தன் வேலையை ரத்து செய்துவிடும். ஒவ்வோர் இரவும் இப்படி ரத்தானால் அந்த அட்டவணை சுத்தமாவதே இல்லை.

செத்த வரிகளை உருவாக்குவதிலேயே சிக்கனம் பிடிக்கவும் வழி இருக்கிறது; இதைப் போதுமான பேர் பயன்படுத்துவதில்லை. திருத்தப்படும் பத்தியில் இன்டெக்ஸ் இல்லை, அதே பக்கத்தில் இடமும் இருக்கிறது என்றால் போஸ்ட்கிரெஸ் புது வரியை அதே பக்கத்தில் எழுதி, இன்டெக்ஸைத் தொடாமல் விட்டுவிடும். ‘ஹாட்’ என்ற பெயரில் 8.3இலிருந்து இருக்கும் வசதி இது. இப்படிச் செத்த வரிகளை, அந்தப் பக்கத்தை அடுத்து யார் தொட்டாலும் அங்கேயே துடைத்துவிட முடியும். வாக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அட்டவணைப் பக்கங்கள் வழக்கமாக நூறு சதவீதம் நிரப்பப்படுகின்றன. லாட் அட்டவணைக்கு மட்டும் ஃபில்ஃபேக்டரை 80 என்று வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தில் ஒரு பங்கு இடம் திருத்தங்களுக்காகக் காலியாக இருக்கும். லாட்டின் நிலை என்ற பத்தியில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போட்ட இன்டெக்ஸையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு லாட்டும் ஆறு முறை நிலை மாறுகிறது. அந்த ஒரே இன்டெக்ஸ் ஆறு முறையும் ஹாட் வசதியைத் தட்டிப் பறிக்கிறது.

ஆட்டோவாக்கத்தின் இன்னொரு கடமை புள்ளிவிவரம் எடுப்பது. அட்டவணையில் 10 சதவீதமும் அதோடு 50 வரிகளும் மாறியதும், வழக்கமான அமைப்பில் 30,000 வரிகளை மாதிரி எடுத்து, எந்த மதிப்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று குறித்துவைக்கிறது. கேள்விக்கு எந்த வழியில் போவது என்று தரவுத்தளம் முடிவெடுப்பது இந்தக் குறிப்பை வைத்துத்தான். ஆடியில் ‘ஏலத்துக்குக் காத்திருப்பது’ என்ற நிலையில் சொற்ப லாட்டுகளே இருந்திருக்கும். புரட்டாசியில் அது ஆயிரக்கணக்கில் போகும். குறிப்பு ஆடியிலேயே நின்றுவிட்டால், சொற்ப வரிகளுக்கு ஏற்ற வழியில் ஆயிரக்கணக்கான வரிகளை இழுக்கப் பார்க்கும். நொடியில் வர வேண்டிய அறிக்கைக்கு நிமிடங்கள் ஆகும். ஆட்டோவாக்கத்தை அணைப்பவர்கள் இதையும் சேர்த்தே அணைக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தற்காலிக அட்டவணைகளை ஆட்டோவாக்கம் தொடாது. பகுதிகளாகப் பிரித்த அட்டவணையின் தாய் அட்டவணைக்கும் புள்ளிவிவரம் தானாக எடுக்கப்படாது. அவற்றுக்கு அனலைஸ் கட்டளையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, அணைத்தாலும் அணையாத ஒன்று. பரிவர்த்தனை எண் 32 பிட் அளவுடையது. சுமார் 429 கோடியோடு சுற்றி மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும். எது முந்தியது எது பிந்தியது என்பதை அதில் பாதி தூரத்துக்குள், அதாவது சுமார் 214 கோடிக்குள், மட்டுமே சொல்ல முடியும். அதற்கு மேல் போனால் பழைய வரிகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை போலத் தோன்றி மறைந்துவிடும். அப்படி ஆகாமல் இருக்க, வயதான வரிகளை வாக்கம் ‘உறைய வைக்கிறது’: இந்த வரி எல்லோருக்கும் பழையது, எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று முத்திரை குத்துகிறது. ஓர் அட்டவணையின் வயது 20 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டினால், ஆட்டோவாக்கத்தை அணைத்து வைத்திருந்தாலும் போஸ்ட்கிரெஸ் கேட்காமல் உறைய வைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். இந்த வாக்கம் பூட்டுக்காக விலகிக்கொள்ளாது. ஆண்டுக்கணக்கில் சுத்தம் காணாத அட்டவணையில் இது இறங்கினால் வேலை நாள்கணக்கில் நீளும்.

எடைப் பதிவு மட்டும் செய்யும் கடைக்கு 20 கோடி என்பது வெகு தூரம். டிரையர் வெப்பநிலையை நொடிக்கு ஒருமுறை பதியும் சென்சார்களை இப்போது பொருத்துகிறார்கள்; அங்கே கணக்கு மாறுகிறது. ஒரு நாளைக்கு 86,400 நொடி. இருபது அறைகள் என்றால் 17,28,000 பரிவர்த்தனைகள். நாலு மாதத்துக்குள் 20 கோடி. அந்த அட்டவணையில் வரிகள் சேர்வது மட்டுமே நடக்கிறது, திருத்தமே இல்லை. 2020இல் 13ஆம் பதிப்பு வரும் வரை, செத்த வரி இல்லாத அட்டவணையை ஆட்டோவாக்கம் திரும்பிப் பார்க்காது. நேராக இந்தக் கட்டாய வாக்கம்தான் அதன் முதல் சுத்தமாக இருக்கும். 13இலிருந்து புது வரிகள் 20 சதவீதமும் அதோடு ஆயிரமும் சேர்ந்தாலே வந்துவிடுகிறது. சென்சாரை எழுதுபவர்கள் ஒரு நிமிட அளவீடுகளைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையில் பதிந்தால் செலவு அறுபதில் ஒன்றாகக் குறையும். பழைய அளவீடுகளை நீக்குவதற்கும் மாதவாரியாகப் பகுதி பிரித்து, பழைய மாதத்தை முழுசாகக் கழற்றிவிடுவதே மேல்; லட்சக்கணக்கான செத்த வரிகளை ஒரே இரவில் உருவாக்க வேண்டியதில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. மெயில்சிம்ப்பின் மின்னஞ்சல் சேவையான மேண்ட்ரில் 2019 பிப்ரவரியில் இதே எண் தீர்ந்துபோனதால் ஒரு நாளைக்கும் மேலாகப் பாதிக்கப்பட்டது. 14ஆம் பதிப்பிலிருந்து 4 கோடி எண்கள் மிஞ்சியிருக்கும்போது எச்சரிக்கை வரத் தொடங்கும்; 30 லட்சம் மிஞ்சும்போது புதிய எண் எதுவும் கொடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிடும். வயது 160 கோடியைத் தாண்டினால் வாக்கம் தன் தூக்கத்தையும் இன்டெக்ஸ் வேலையையும் விட்டுவிட்டு உறைய வைப்பதில் மட்டும் இறங்கும். எச்சரிக்கைகள் பதிவேட்டில்தான் எழுதப்படும். அதைத் திறந்து பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும்.

ஏற்கெனவே அணைத்து, அட்டவணை பெருத்துவிட்டதா? முதலில் திறந்தபடி நிற்கும் பழைய பரிவர்த்தனைகளை முடித்துவிட்டு, சாதாரண வாக்கத்தைக் கையால் ஒருமுறை ஓட்டுங்கள். கடை நடக்கும்போதே ஓட்டலாம். அதன் பிறகு ஆட்டோவாக்கத்தைத் திரும்ப இயக்குங்கள். பெருத்த அட்டவணையை இளைக்க வைக்க ‘வாக்கம் ஃபுல்’ உண்டு. அது அட்டவணையை முழுவதும் புதிதாக எழுதுவதால், முடியும் வரை யாரும் அதைப் படிக்கக்கூட முடியாது. புதுப் பிரதிக்குத் தேவையான இடமும் வட்டில் காலியாக இருக்க வேண்டும். சீசன் நடுவில் அதைத் தொடாதீர்கள். பூட்டு நீளக் கூடாது என்றால் பிஜி_ரீபேக் என்ற துணைக் கருவி, புது அட்டவணையைப் பக்கத்தில் கட்டிக்கொண்டே நடக்கும் திருத்தங்களையும் சேர்த்து, கடைசியில் மட்டும் சிறிது நேரம் பூட்டி மாற்றி வைக்கிறது. அதற்கும் இரட்டிப்பு இடம் வேண்டும். பங்குனியில் ஸ்டோர் அடங்கிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதும். பேக்கப் எடுத்துவிட்டு வாக்கம் ஃபுல்லையே ஓட்டிவிடலாம்.